டிஸ்க் ஆடாம கைய விட்டுக் கிளம்பணும்னா எதுல முதல்ல கை வைக்கறது: பிடியா, டிஸ்க்கா, ஓட்டமா?

டிஸ்க் கோல்ஃப், அதாவது தட்டு மாதிரி டிஸ்க்க எறிஞ்சு சங்கிலிக் கூடையில விழ வைக்கற ஆட்டம், இத ஆட ஆரம்பிச்ச பசங்க முக்கால்வாசிப் பேருக்கு வர்ற ஒரே பிரச்சனை இதுதான், எறிஞ்ச உடனே டிஸ்க் வெடவெடன்னு ஆடிக்கிட்டே போவும், பாதி தூரத்துலயே மூச்சு வாங்கி இடது பக்கம் சாஞ்சு விழுந்துரும். வீடியோல பாத்தா பெரிய ஆளுங்க கையிலேர்ந்து அது அலுங்காம குலுங்காம கிளம்புது. உடனே நம்ம பசங்க என்ன பண்றாங்கன்னா ஃபோன எடுத்து ஷோப்பில தூரமா எறியறதுக்குன்னு இருக்கற டிரைவர் டிஸ்க், அதுலயும் இன்னும் வேகமானதா ஒன்னு ஆர்டர் போடறாங்க, அது வந்ததும் முன்னவிட மோசமா ஆடுது, அப்பறம் டிஸ்க் சரியில்லன்னு இன்னொன்னு. 80 வெள்ளி, 90 வெள்ளின்னு (ரிங்கிட்டத்தான் சொல்றேன்) போய்க்கிட்டே இருக்கும். அதனால காசையும் நேரத்தையும் எதுல முதல்ல போடறதுன்னு ஒன்னொன்னா வச்சுப் பாத்துருவோம். பிடிய மாத்தறதா, டிஸ்க்க மாத்தறதா, வேர்வைக்கு ஒரு வழி பண்றதா, ஓடி வந்து எறியறத விட்டுட்டு நின்னு எறியறதா, இல்ல பேக்ஹேண்டையே விட்டுட்டு ஃபோர்ஹேண்டுக்குத் தாவறதா.

நான் இருக்கறது மலேசியாவுல, சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டம். முறையான கோர்ஸ்லாம் எங்களுக்குக் கிடையாது. பந்துத் திடல் ஒன்னு, அதச் சுத்தி மூனு பக்கம் செம்பனை, கோல் கம்பத்துக்குப் பின்னாடி நாங்களே பண்ணி நட்ட ஒரு கூடை. பழைய மோட்டார் ரிம்முல ஹார்ட்வேர் கடைச் சங்கிலிய அறுத்துத் தொங்க விட்டது. இந்தச் சங்கிலிக் கூடைய 1970கள்ல அமெரிக்காவுல உருவாக்குனவரு எட் ஹெட்ரிக்னு ஒருத்தரு, இந்த ஆட்டத்துக்கே அவரத்தான் அப்பான்னு சொல்வாங்க, 2002ல செத்தப்பறம் அவரு சாம்பல பிளாஸ்டிக்கோட கலந்து டிஸ்க்காவே வார்த்துட்டாங்கங்கறது நெசமாவே நடந்த கதை. நம்மாளுங்க ஆத்துல கரைப்போம், அவங்க பறக்க விட்டுருக்காங்க. சரி, விஷயத்துக்கு வருவோம். நான் சொல்றதெல்லாம் வெயில்லயும் மழையிலயும் ஈரப்புல்லுலயும் ஆடற ஆளுக்குத்தான், குளிர் நாட்டு வீடியோல சொல்றது எல்லாமே இங்க அப்பிடியே ஒத்து வராது.

எத மாத்தறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்ன, நம்ம எறி எதனால கெடுதுன்னு தெரியணும். டிஸ்க் பறக்கறதே சுத்தறதாலதான். நல்லா சுத்துனா அது எந்தச் சாய்வுல கைய விட்டுச்சோ அந்தச் சாய்வ விடாம புடிச்சுக்கும். கை இழுக்கற தளம் ஒன்னாவும் டிஸ்க் சாஞ்சிருக்கற தளம் வேற ஒன்னாவும் இருந்தா, கைய விட்ட நொடியே ஆட ஆரம்பிக்கும், எறிஞ்ச வேகமெல்லாம் காத்தோட மல்லுக்கட்டறதுலயே போய் தூரம் கொறைஞ்சிரும். ஆட்டம் வேற, திசை தப்பறது வேற, மூக்கு தூக்கறது வேற, இந்த மூனையும் போட்டுக் குழப்பிக்கறவங்கதான் தப்பான சாமான வாங்கறாங்க.

வலது கைக்காரன் பேக்ஹேண்ட் எறியறான்னு வைங்க. கை இடது பக்கத்துலேர்ந்து வலது பக்கமா வருது. அதனால டிஸ்க் சீக்கிரமா நழுவுனா இடது பக்கம் போவும், அது வேர்வையால, இல்லன்னா தொளதொளப் பிடியால. விரல் விடாம ஒட்டிக்கிட்டு லேட்டா விட்டா வலது பக்கம் காட்டுக்குள்ள போவும், இதுக்கு கிரிப் லாக்னு பேரு. நேராத்தான் போச்சு, ஆனா மேல ஏறி நின்னு சாஞ்சு பொத்துன்னு விழுந்துச்சுன்னா மூக்கு, அதாவது டிஸ்க்கோட முன் விளிம்பு, மேல தூக்கியிருக்குன்னு அர்த்தம். இது எதுவும் இல்லாம முதல் ரெண்டு மூனு மீட்டர்லயே வெடவெடன்னு ஆடுனா அதுதான் தளம் பொருந்தாத கேஸ். கூட்டாளிய பின்னாடி நிக்க வச்சு ஃபோன்ல ஸ்லோ மோஷன் எடுத்தா போதும், எதுன்னு தெரிஞ்சிரும். தெரியாம எத மாத்துனாலும் குருட்டாம்போக்குதான்.

இப்ப முதல் ஆளு, பிடி. காசு செலவே இல்ல, ஆனா யாரும் முதல்ல இதத் தொட மாட்டாங்க.

பேக்ஹேண்டுக்கு ரெண்டு பெரிய பிடி இருக்கு, நடுவுல ஒன்னு. பவர் கிரிப்புனா நாலு விரலும் ரிம்முக்கு, அதாவது டிஸ்க்கோட விளிம்புக்கு, உள்பக்கமா மடக்கி இறுக்கி, கட்டைவிரல் மேல அமுக்கிப் பிடிக்கறது. தூரமா எறியற ஆளுங்க பெரும்பாலும் டிரைவருக்கு இதத்தான் பிடிக்கறாங்க. ஃபேன் கிரிப்புனா ஆள்காட்டி விரல் மட்டும் ரிம்ம ஒட்டி, மத்த விரல அடியில விசிறி மாதிரி விரிச்சு வச்சு தாங்கறது. நடுவுல இருக்கறதுல ஆள்காட்டியும் நடுவிரலும் ரிம்முல கொக்கி போடும், மோதிர விரலும் சுண்டுவிரலும் அடியில விரிஞ்சு இருக்கும்.

பவர் கிரிப்புல பலம் அதிகம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா நாலு விரலும் ஒரே நேரத்துல வழி விடணும், ஒரு விரல் பிடிவாதம் பிடிச்சாலும் டிஸ்க் கோணிக்கும், கிரிப் லாக் ஆவறதும் இதுலதான் ஜாஸ்தி. ஃபேன் கிரிப்புல அடியில விரிஞ்ச விரலுங்க டிஸ்க்க தட்டையா வச்சுக்க உதவி பண்ணுது, சாய்வு எப்பிடி இருக்குன்னு கைக்கே தெரியும், விடறப்ப தடுக்கவும் ஒன்னுமில்ல. தூரம் கொஞ்சம் குறையும். 60, 70 மீட்டருக்குள்ள எறியற ஆளுக்கு அந்தக் குறை ஒரு குறையே இல்ல. அதனால என் ஓட்டு முதல்ல ஃபேன், அது பழகுனதும் நடுப்பிடி, எறி நேரா வர ஆரம்பிச்சப்பறம் பவர். நேரா பவர் கிரிப்புல குதிக்கறவன் விரல்ல கொப்புளம்தான் சம்பாதிப்பான்.

எந்தப் பிடியா இருந்தாலும் ரெண்டு எடத்த கவனிங்க. ஒன்னு, டிஸ்க் உள்ளங்கையில எங்க உக்காருதுன்னு. கையத் திறந்து பாத்தா கட்டைவிரல் மேட்ட சுத்தி ஒரு ரேகை ஓடுதுல்ல, ரிம் அந்த மடிப்புல படிஞ்சு, டிஸ்க் முழங்கையிலேர்ந்து வர்ற கோட்டோட ஒட்டி இருக்கணும். மேல தூக்கி விரல் நுனியில மட்டும் பிடிச்சா மூக்கு தானா தூக்கிக்கும், அப்பறம் எவ்வளவு பலமா எறிஞ்சாலும் வானத்தப் பாத்துப் போய் நின்னு விழும். ரெண்டாவது, ஆள்காட்டியும் கட்டைவிரலும் சேர்ற எடம். டிஸ்க் கடைசியா தொட்டுட்டுப் போறது அந்த எடத்ததான், அங்க கிள்ளுன மாதிரி இறுக்கம் இருக்கணும். கூட்டாளிய கூப்பிட்டு, நீங்க பிடிச்சிருக்கற டிஸ்க்க எறியற திசையில இழுக்கச் சொல்லுங்க. லேசா இழுத்ததும் வந்துச்சுன்னா பிடி பத்தாது. நல்லா இழுத்தப்பறம் டக்குன்னு பிச்சுக்கிட்டு வந்தா அதான் ரிலீஸ். எறியறப்பவும் அப்பிடித்தான், விரல நாம திறந்து விடறது கிடையாது, கை நிக்கும், டிஸ்க் பிச்சுக்கிட்டுப் போவும். விரல திறந்து விடணும்னு நெனச்சு எறியறவங்களுக்குத்தான் பெரும்பாலும் இந்த ஆட்டம் வருது.

இறுக்கம்னதும் ஆரம்பத்துலேர்ந்தே கைய கல்லாக்கிறாதீங்க. நம்ம ஊருல பேட்மிண்டன் ஆடாத ஆளு யாரு இருக்கா, ரேக்கட்ட லூசா பிடிச்சிருந்து இறகுப்பந்து மேல படற நேரத்துல மட்டும் இறுக்குவோம்ல, இதுவும் அதேதான். பின்னால இழுத்துட்டுப் போறப்ப டிஸ்க் கீழ விழாத அளவுக்குப் போதும், நெஞ்சத் தாண்டி முழங்கை முன்னால வந்து மணிக்கட்டு திறக்கற நேரத்துல இறுக்கம். முன்னாடியே இறுக்குனா முழங்கை வரைக்கும் வெறப்பாயிரும், மணிக்கட்டு சுண்டாது, சுத்து வராது, சுத்து இல்லன்னா மேல சொன்ன கதைதான்.

ஆனா பிடி மட்டும் எல்லாத்தையும் சரி பண்ணிராது. கைய நெஞ்ச சுத்தி வளைச்சுக் கொண்டு வர்ற பழக்கம் இருந்தா எந்தப் பிடியும் காப்பாத்தாது. டிஸ்க் நெஞ்சுகிட்ட ஒட்டி நேர்கோட்டுல வரணும், ஹைசர், அதாவது டிஸ்க்கோட வெளிப்பக்கம் கீழ சாஞ்ச எறி, வேணும்னா இடுப்புலேர்ந்தே உடம்ப சாச்சு அந்தச் சாய்வுலயே இழுக்கணும், மணிக்கட்ட மட்டும் கடைசில திருப்புனா தளம் மாறிடும், அதுதான் ஆட்டம்.

அடுத்து டிஸ்க். இதுலதான் காசு போவுது, அதனால கொஞ்சம் விலாவரியாவே சொல்றேன்.

டிரைவரா, கூடைகிட்ட போடற பட்டரா, நடுத்தூரத்துக்கான மிட்ரேஞ்சான்னு கேட்டா, ரிம் அகலத்தப் பாருங்க. இன்னோவா கம்பெனியோட ஏவியார்னு ஒரு பட்டர் டிஸ்க், ரிம் 1 செண்டிமீட்டருக்குள்ளதான். அதே கம்பெனி டிஸ்ட்ராயர், 2 செண்டிமீட்டருக்கு மேல. சின்னக் கைக்கு அந்த அகல ரிம்ம வளைச்சுப் பிடிக்கறதே பாடு, பிடிச்சாலும் வேகம் பத்தலன்னா அது டிரைவராவே பறக்காது. டிஸ்க் மேல நாலு நம்பர் போட்டிருக்கும், வேகம், மிதப்பு, ஆரம்பத்துல திரும்பறது, கடைசில சாயறது. டிஸ்ட்ராயர் 12, 5, -1, 3. ஏவியார் 2, 3, 0, 1. டிஸ்க்கிராஃப்ட்டோட பஸ்னு ஒரு மிட்ரேஞ்ச் இருக்கு, 5, 4, -1, 1. 2016ல நெவாடா பாலைவனத்துல டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் காத்து அடிக்கற பக்கமா 338 மீட்டர் எறிஞ்ச வீடியோவப் பாத்துட்டு 12 வேகத்துல டிஸ்க் வாங்கறவங்க அந்த ஆளோட கைய மறந்துடறாங்க.

இன்னொரு சங்கதி, கடைசி நம்பர் பெருசா இருக்கற டிஸ்க் நம்ம தப்ப மறைக்கும். ஆடிக்கிட்டுக் கிளம்புனாலும் கொஞ்ச தூரத்துல அடங்கி இடது பக்கம் போய் உக்காந்துரும், எறிஞ்சவன் பரவால்லயேன்னு நெனச்சுக்குவான். நேராப் போற பட்டரோ மிட்ரேஞ்சோ மறைக்காது, கை கோணுனா உடனே காட்டிக் கொடுத்துரும். ரிலீஸ் பழகணும்னா காட்டிக் கொடுக்கறதுதான் வேணும். ஸ்கோர் வேணும்னா அது வேற கதை, நாளைக்கே போட்டின்னா மறைக்கற டிஸ்க்கே நல்லதுன்னு நானே சொல்வேன்.

பிளாஸ்டிக்குலயும் ரெண்டு சாதி. விலை கம்மியான சாதா பிளாஸ்டிக், இன்னோவால டிஎக்ஸ்னு வரும், கைக்கு ஒட்டும், ஆனா மரத்துல நாலு அடி வாங்குனா ஓரம் சீக்கிரம் சிதைஞ்சிரும், சிதைஞ்சா பறக்கற விதமும் மாறும். விலை ஜாஸ்தியான சாம்பியன் மாதிரி பிளாஸ்டிக் கண்ணாடியாட்டம் இருக்கும், வருஷக்கணக்குல உழைக்கும், கை ஈரமா இருந்தா சோப்புக் கட்டிதான். ஸ்டார் நடுவுல, கொஞ்சம் மெத்துன்னு பிடி கிடைக்கும். நம்ம வேர்வைக்கு சாதா பிளாஸ்டிக் பட்டர்தான் முதல் சாய்ஸ், காசும் மிச்சம். செம்பனை மட்டையில அடிபட்டு வீணாப்போகுமேன்னா போவட்டும், திடல்ல எறியறதுக்குத்தானே.

சாதா பிளாஸ்டிக் புதுசா வந்ததும் ஒரு வேலை இருக்கு, யாரும் சொல்லிக் கொடுக்கறதில்ல. ரிம்ம சுத்தி விரல ஓட்டிப் பாருங்க, ரெண்டு அச்சு சேர்ந்த எடத்துல மெல்லிசா ஒரு பிசிறு கோடு ஓடும். நகத்துல தட்டும், சில டிஸ்க்குல கீறக்கூட செய்யும். ஆள்காட்டி விரல் விடற நேரத்துல அதுல தட்டுனா ரிலீஸ் எப்பிடி சுத்தமா வரும். ஹார்ட்வேர் கடையில நைஸ் மணல் தாள் ஒன்னு வாங்கி, தண்ணியில நனைச்சு, அந்தக் கோட்ட மட்டும் லேசா தேய்ச்சு விட்டா போதும், விரல் வழுக்கிக்கிட்டுப் போற வரைக்கும். உலக அமைப்பான பிடிஜிஏ சட்டத்துலயே அச்சுக் குறைய சமன் பண்றதுக்கு மிதமா தேய்க்கலாம்னு இருக்கு. ரிம்மோட வடிவத்தயே மாத்தற அளவுக்குத் தேய்ச்சா அந்த டிஸ்க் ஆட்டத்துக்குச் செல்லாது.

எடையப் பத்தி ஒரு வார்த்தை. குறுக்களவுல ஒரு செண்டிமீட்டருக்கு 8.3 கிராம்தான் உச்சம்னு சட்டம், 21 செண்டிமீட்டர்தான் ஆகச் சின்ன அளவு, அதனாலதான் டிஸ்க்கெல்லாம் 175 கிராம் பக்கத்துல வந்து நிக்குது. பொம்பளப் பிள்ளைங்களுக்கும் சின்னப் பசங்களுக்கும் 150, 160 கிராம் சுலபமா சுத்தும், ஆனா காத்து வந்தா தூக்கிட்டுப் போயிரும். பெரியவங்களுக்கு 170 சொச்சமே இருக்கட்டும்.

வேர்வை. இத லேசா நெனைக்காதீங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மழை விட்டு வெயில் அடிக்கறப்ப நிக்கறதுக்கே வேர்க்குது, டிஸ்க் புல்லுல விழுந்து ஈரத்தோட வருது. இடது பக்கம் நழுவிப் போற எறியில நெறைய இதனாலதான், பிடியக் குறை சொல்லி பிரயோஜனமில்ல.

என்னென்ன வழி இருக்குன்னா, பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, விக்கற குட் மார்னிங் துண்டு. அதவிடச் சிறந்த சாமான் இதுவரைக்கும் நான் பாக்கல. ரெண்டு வாங்கிக்கங்க, ஒன்னு டிஸ்க்குக்கு, ஒன்னு கைக்கு, ரெண்டையும் கலக்காதீங்க, புல்லு ஈரம் பட்ட துண்டுல கைய துடைச்சா கை இன்னும் ஈரமாத்தான் ஆவும். அதுக்கு மேல வேணும்னா சின்னத் துணிப் பையில உலர்ந்த தூளக் கட்டி விக்கறாங்க, டிஸ்க் கோல்ஃப் கடையில கெடைக்கும், விலை ஒரு டிஸ்க் விலைகிட்ட வருது. ஜிம்முல பாரம் தூக்கறவங்க கையில தேச்சுக்கற வெள்ளைச் சாக் தூள் அதே வேலையச் செய்யும், ஆனா மழைத்தூறல்ல பசையாயிரும். முகத்துக்குப் போடற பவுடர் வேணாம், அது கைய வழவழன்னு ஆக்கிரும். எங்க திடல்ல ஒரு பையன் சட்டைப் பையிலேர்ந்து திருநூறு எடுத்து உள்ளங்கையில தேச்சான், வேலை செஞ்சுதுன்னு சத்தியம் பண்றான், அவன் பாட்டி பாத்திருந்தா தொடப்பத்தோட வந்திருப்பாங்க.

வீடியோல பெரிய ஆட்டக்காரங்க எறியறதுக்கு முன்ன விரல் நுனிய நாக்குல தொட்டுக்குவாங்க, வறண்ட ஊருல லேசான ஈரம் பிடி கொடுக்கும். தோட்டத்துல அத செய்யவே செய்யாதீங்க. செம்பனைக் காட்டுல எலி எவ்வளவுன்னு நமக்குத் தெரியும், அதப் புடிக்கத்தானே ஆந்தைக்குப் பெட்டி வச்சு வளக்கறாங்க, எலி மூத்திரம் கலந்த ஈர மண்ணுலேர்ந்து வர்ற காய்ச்சல் ஆள சாய்க்கற காய்ச்சல். களைக்கொல்லி அடிச்ச புல்லுல உருண்டு வந்த டிஸ்க் வேற. கையில வெட்டுக் காயம் இருந்தா பிளாஸ்திரி போட்டுட்டு திடல்ல எறங்குங்க, ஆடி முடிச்சதும் சோப்பு.

நின்னு எறியறதா, ஓடி வந்து எறியறதா. இதுக்கு அதிக நேரம் வேணாம், ரிலீஸ் சரியாவற வரைக்கும் நின்னே எறிங்க. வலது, பின்னால இடது, மறுபடி வலதுன்னு போடற எக்ஸ் ஸ்டெப் பாக்க ஸ்டைலாத்தான் இருக்கும், ஆனா அது சேக்கறது கொஞ்சம் தூரம், கெடுக்கறது டைமிங். கால் முந்திருச்சா, கை முந்திருச்சா, எதனால ஆடுச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது. நின்னு எறிஞ்சாலே முழு தூரத்துல முக்கால்வாசிக்கு மேல வந்துரும். இன்னொன்னு, நமக்கு சிமெண்டுத் தளம் கெடையாது, மழை பேஞ்ச புல்லுல ஓடி வந்து முன்கால ஊனுனா ஒன்னு வழுக்கும், இல்ல சேத்துல மாட்டிக்கிட்டு முட்டி மட்டும் திரும்பும். பந்து ஆடி முட்டி போன அண்ணனுங்க ஒவ்வொரு லயத்துலயும் ஒருத்தர் இருக்காங்க, கேட்டுப் பாருங்க. நின்னு எறியறப்பவும் எறிஞ்சு முடிச்சதும் முன்கால் குதிகால்ல திரும்ப விடுங்க, பாதத்த நட்டு வைக்காதீங்க.

ஃபோர்ஹேண்டுக்குத் தாவறது பத்தி நெறைய பேரு கேக்கறாங்க, ஏன்னா கிரிக்கெட்டும் பேட்மிண்டனும் ஆடுன கைக்கு அது சட்டுன்னு வருது. எதிர்ல பாத்துக்கிட்டே எறியலாம், முதுகு காட்டித் திரும்ப வேணாம். ரெண்டு விரல ரிம்முக்கு உள்ள சேத்து வச்சுப் பிடிச்சா சுத்து நல்லா வரும், விரிச்சு வச்சுப் பிடிச்சா டிஸ்க் தட்டையா நிக்கும் ஆனா மணிக்கட்டு முழுசா சுண்டாது. ஆரம்பத்துல விரிச்ச பிடி, பிறகு சேத்த பிடி, இங்கயும் அதே வரிசைதான். ஆனா ஒன்னு, பேக்ஹேண்ட் ஆடுதுன்னு ஃபோர்ஹேண்டுக்குப் போனா ஆட்டமும் கூடவே வரும், சொல்லப்போனா ஜாஸ்தியாவே வரும். எறிஞ்சு முடிக்கறப்ப உள்ளங்கை வானத்தப் பாக்கணும், நம்மாளுங்களுக்கு கிரிக்கெட் பந்து எறிஞ்ச பழக்கத்துல உள்ளங்கை கவுந்துரும், கவுந்தா டிஸ்க் உருளும். பொதுவா பேக்ஹேண்ட் அளவுக்கு இதுல சுத்து கெடைக்கறதில்ல, அதனாலதான் கடைசில நல்லா சாயற கனத்த டிஸ்க்க இதுக்கு எடுப்பாங்க, அது ஆட்டத்த அடக்கிரும். பட்டர வச்சு ஃபோர்ஹேண்ட் சுத்தமா எறியறான்னா அவன் கை பழகுன கை. முழங்கைக்கும் சுமை ஜாஸ்தி, வெட்டு அரிவாள் தூக்கி குலை வெட்டிட்டு வர்ற ஆளு சாயங்காலம் ஃபோர்ஹேண்ட் பழகறது நல்லதில்லன்னு நெனைக்கறேன். ரெண்டும் வேணும், உண்மைதான், இடது பக்கம் வளையற வழிக்கு ஒன்னு, வலது பக்கம் வளையற வழிக்கு ஒன்னு. ஆனா ஒன்ன சரி பண்ணிட்டு இன்னொன்னு.

எங்க பழகறதுன்னா திடலும் செம்பனை வரிசையும்தான் நமக்கு இருக்கற சாய்ஸ். திடல்ல முழுப் பறப்பையும் பாக்கலாம், ஸ்லோ மோஷன் எடுக்கலாம், அதனால பழக்கத்துக்கு திடல்தான். செம்பனை வரிசை சோதனைக்கு நல்லா இருக்கும், கிட்டத்தட்ட 9 மீட்டர் இடைவெளியில மரம், நடுவுல நேரா எறிஞ்சே ஆவணும், கொஞ்சம் கோணுனா மட்டை முள்ளுல சிக்கும். எளங்கன்னு பக்கம் போகாதீங்க, மட்டை தாழ்வா இருக்கும், டிஸ்க்கும் போவும் கையும் கிழியும். வெட்டிப் போட்ட மட்டைக் குவியல்ல விழுந்தா கைய விட்டுத் துழாவாதீங்க, எலி இருக்கற எடத்துல நாகமும் இருக்கும், குச்சியால புரட்டிப் பாத்துட்டு எடுங்க. ஆளுங்க குலை வெட்டற நேரத்துல உள்ள போகவே வேணாம், தோட்ட ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போனா நமக்கும் மரியாதை. திடலும் இல்ல, இருட்டிருச்சுன்னா பழைய கட்டில் விரிப்ப கொடியில தொங்க விட்டு ரெண்டு எட்டு தள்ளி நின்னு எறியலாம், பறக்கறது தெரியாது ஆனா கைய விட்டுக் கிளம்பற அழகு மட்டும் தெரியும், நமக்கு வேணுங்கறதும் அதானே.

ஆக கையில 150 வெள்ளி இருக்குன்னா நான் எப்பிடி செலவு பண்ணுவேன்னு கேட்டா, சாதா பிளாஸ்டிக்குல ஒரே மாதிரி பட்டர் ரெண்டு, ஒரே எடை. ரெண்டு எதுக்குன்னா ஒன்ன எறிஞ்சு எடுத்துட்டு வர நடக்கறதுலயே பொழுது போயிரும், வேற வேற டிஸ்க்கா இருந்தா ஆடுனது கையா டிஸ்க்கான்னு தெரியாது. ரெண்டு துண்டு, ஒரு மணல் தாள். மிச்சக் காச அப்பிடியே வச்சிருங்க, 60 மீட்டர் ஆடாம நேரா போவ ஆரம்பிச்சதும் பஸ் மாதிரி ஒரு மிட்ரேஞ்ச். டிரைவர் அதுக்கப்பறம், அதுவும் 7 வேகத்துக்குள்ள. ஏற்கனவே 12 வேகத்துல ஒன்னு வாங்கி வச்சிருக்கறவங்க அத வித்துராதீங்க, எதிர்க்காத்துல ஒரு நாள் உதவும், இப்போதைக்கு பையிலயே இருக்கட்டும். கை சின்னதா இருந்தா பட்டர்லயே ஆழம் கம்மியான ரிம் பாத்து எடுங்க, முடிஞ்சா வேற யாரோடதையாவது பிடிச்சுப் பாத்துட்டு ஆர்டர் போடுங்க, படத்த வச்சு ரிம் தெரியாது.

கலர் கேப்பாங்க, அதையும் சொல்லிர்றேன். பச்சை வேணவே வேணாம், கருப்பு, நீலமும் செம்பனை நிழல்ல கண்ணுக்குத் தெரியாது, மஞ்சள் காஞ்ச மட்டையோட கலந்துரும். பளிச்சுன்னு ரோஸ் கலர் எடுங்க, கூட்டாளிங்க கிண்டல் பண்ணா பண்ணட்டும்.